வரப்போகுது வாத்தியாரும் நாலாம் நம்பர் ரீடும்

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில ஒரு மாவு மில்லு. மில்லுக்கு மேல மாடியில ஒரு கிளாரினெட் கிளாஸ். சொல்லித் தர்றது ஜெபக்கனி டீச்சர். வயசு முப்பத்துநாலு. அதிகம் பேச மாட்டாங்க. வாய்க்கு வேற வேலை இருக்குன்னுடுவாங்க.

கீழ மெஷின் ஓடினா மாடித் தரை லேசா உறுமும். அதனால டீச்சர் சுருதிப்பெட்டி வாங்கவே இல்ல. "கீழதான் ஓடுதுல்லா, அது போதும்." கோதுமைக்கு ஒரு சுருதி, அரிசிக்குக் கொஞ்சம் கம்மி. மெஷினுக்குப் புது பெல்ட் போட்ட வாரம் மொத்த கிளாஸும் ஒரு கட்டை ஏத்தி வாசிச்சுது. யாருக்கும் தெரியல.

செவ்வாய்க்கிழமை மட்டும் கிளாஸ் கிடையாது. அன்னைக்கு மில்லுல மிளகா வத்தல் திரிக்கிற நாள். நெடி மாடிப்படி ஏறி வந்துரும். மூச்சை இழுத்து ஊதுற வாத்தியத்தை அன்னைக்குத் தொட முடியாது.

இந்த டீச்சருக்கு ஒரு சீடர். அருமைநாயகம் அண்ணாச்சி. வயசு ஐம்பத்தொண்ணு, டீச்சரைவிட பதினேழு வருஷம் மூப்பு. அவரே ஒரு வாத்தியாருதான். ஒரு பொம்பளப்பிள்ளைங்க ஸ்கூல்ல இருபத்திரெண்டு வருஷமா பேண்டு மாஸ்டர். இப்ப அவருகிட்ட ஏழு பிள்ளைங்க கிளாரினெட் படிக்குது.

ஊர்ல அவருக்குப் பேரு வரப்போகுது வாத்தியார்.

ஏன்னா, கிளாரினெட்டுன்னு தமிழ்நாட்டுல எங்க என்ன நடந்தாலும் முதல்ல அவருக்குத் தெரிஞ்சிரும். அடுத்த நிமிஷம் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுருவாரு. "வரப்போகுது: கோயம்புத்தூர்ல மூணு நாள் பயிற்சி." "வரப்போகுது: தஞ்சாவூர்ல வாத்தியாருங்களுக்கான பட்டறை, மதியச் சாப்பாடு உண்டு." ஒரு தடவை அவசரத்துல "வரப்போகுது"ன்னு மட்டும் போட்டுட்டு பஸ் ஏறிட்டாரு. என்ன வரப்போகுதுன்னு தெரியாம நாப்பது பேரு போனைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தாங்க. மதுரையில இறங்கித்தான் அடுத்த வார்த்தையைப் போட்டாரு. "கச்சேரி."

வெறும் அறிவிப்பு மட்டும் இல்ல, போய்ட்டும் வருவாரு. பதினாலு பட்டறை, பதினாலு சர்டிபிகேட், பதினாலுக்கும் லேமினேஷன். உதட்டை எப்படி வைக்கணும்னு கேட்டீங்கன்னா ஒரு மணி நேரம் பேசுவாரு. மூச்சு வயித்துல எந்த எடத்துலருந்து கிளம்பணும்னு உங்க வயித்தையே தொட்டுக் காட்டுவாரு.

ஆனா அவரு ஒரு பாட்டை முழுசா வாசிச்சு அவரு பிள்ளைங்களே கேட்டது கிடையாது. "இப்படி ஊதணும்"னு கையால காட்டுவாரு. "இங்க மேல ஏறணும்"னு புருவத்தால காட்டுவாரு. பிள்ளைங்க அந்தப் புருவத்தைப் பாத்தே மூணு பாட்டு படிச்சிருந்தாளுக.

போன நவம்பர்ல ஒரு நாள் அண்ணாச்சி மூச்சு வாங்க மாடியேறி வந்தாரு.

"டீச்சர், வரப்போகுது."

"உக்காருங்க அண்ணாச்சி. என்ன வரப்போகுது?"

"நாகர்கோவில்ல கிளாரினெட் விழா. டிசம்பர் பதினாலு. காலையில வாத்தியாருங்களுக்குப் பயிற்சி. மத்தியானம் வாசிக்கிறவங்களுக்குப் பயிற்சி. சாயங்காலம் கச்சேரி. ஸ்கூல் பிள்ளைங்க குழுவுக்கும் மேடை தாராங்க."

"நல்லதுதான. உங்க பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போங்க."

"அங்கனதான் டீச்சர் சிக்கல்."

ஃபாரத்தை நீட்டினாரு. கடைசி வரியில பொடி எழுத்துல போட்டிருந்தது: குழுவின் ஆசிரியரும் மாணவர்களுடன் சேர்ந்து மேடையில் வாசிக்க வேண்டும்.

"நான் வாசிக்கலைன்னா பிள்ளைங்களுக்கு மேடை கிடையாது. வெள்ளிக்கிழமை கடைசி நாளு. பிள்ளைங்க அதுக்குள்ள சாக்ஸ் வாங்கிட்டாளுக டீச்சர்."

"சாக்ஸா?"

"வெள்ளை சாக்ஸ். ஏழு பேரும் ஒண்ணு போல. இசக்கியம்மாள்னு ஒருத்தி, ஒன்பதாப்பு படிக்கா, அவதான் லீடர். 'அப்ப சார் வாசிக்கிறதை நாங்க கேக்கப்போறோமா சார்'னு கேட்டுட்டா. எனக்கு வயித்தைக் கலக்கிருச்சு."

"மூச்சு கிளம்புற எடம்."

"என்ன டீச்சர்?"

"ஒண்ணுமில்ல. பயமா இருக்கா?"

"பயம்லாம் இல்ல." அண்ணாச்சி கைக்குட்டையால பின்கழுத்து வரைக்கும் தொடைச்சாரு. "அதுக்கு ஒரு வழி வெச்சிருக்கேன்."

பையிலருந்து ஒரு மூக்குக்கண்ணாடிக் கூடு எடுத்தாரு. உள்ள பஞ்சு. பஞ்சுக்குள்ள பட்டுத்துணி. பட்டுத்துணிக்குள்ள ஒரு ரீடு.

ரீடுங்கிறது கிளாரினெட் வாயில வெச்சுக் கட்டுற ஒரு மெல்லிசான நாணல் சீவல். அது அதிர்ந்தாத்தான் சத்தமே. ஒரு பெட்டியில பத்து ரீடு வரும். பத்துல ரெண்டு மூணுதான் தேறும். எது தேறும்னு கடவுளுக்குத்தான் தெரியும்.

"பத்து வருஷம் முன்னால சென்னை பட்டறைக்குப் போனப்ப ஒரு பெட்டி வாங்கினேன் டீச்சர். ஒவ்வொண்ணா போட்டுப் பாத்தேன். நாலாவது இது. ஒரே ஒரு மூச்சு விட்டேன். அந்த சத்தம் நான் ஊதுனதுன்னே நம்பல. திரும்பிப் பாத்தேன், பின்னால யாராச்சும் வாசிக்காங்களான்னு. உடனே கழட்டிட்டேன்."

"ஏன்?"

"வீணாப் போயிரக்கூடாதுல்லா. நல்ல மேடைக்கு வேணும்னு எடுத்து வெச்சேன்."

"பத்து வருஷத்துல மேடையே வரலையா?"

"வந்துது. எல்லாம் சின்னச் சின்னது."

"உங்க ஸ்கூல் நூறாவது ஆண்டு விழா?"

"கலெக்டர் வாரேன்னுட்டு வரல."

"உங்க மக கல்யாணம்?"

அண்ணாச்சி கூட்டை விரலால தடவினாரு. "அன்னைக்கு எடுத்தேன் டீச்சர். கூட்டைத் திறந்துட்டேன். அப்புறம், பேரன் பொறந்து பேரு வைக்கிற அன்னைக்கு இருக்கட்டும்னு மூடிட்டேன்."

"பேரனுக்குப் பேரு வெச்சாச்சா?"

"இப்ப யூகேஜி படிக்கான்."

"அன்னைக்கு வாசிச்சீங்களா?"

"மைக்கு சரியில்ல."

அண்ணாச்சி கூட்டை ரெண்டு கையிலயும் ஏந்திக்கிட்டு முன்னால குனிஞ்சாரு.

"நீங்கதான் சொல்லணும் டீச்சர். இந்த ரீடைப் போட வேண்டிய நாள் இதுதானா? இல்ல, இதைவிடப் பெரிசா எதும் வரப்போகுதா?"

டீச்சர் ஜன்னல் வழியா கீழ மில்லு வாசலைப் பாத்தாங்க.

"செவ்வாய்க்கிழமை வாங்க. ரீடையும் கொண்டாங்க."

"செவ்வாய்க்கிழமை வத்தல் திரிப்பாங்களே."

"ஆமா."

"கண்ணு எரியும்."

"எரியும்."

"புதன்கிழமை வாரனே டீச்சர்."

"புதன்கிழமை என்ன வரப்போகுது?"

அண்ணாச்சி ஃபாரத்தை மடிச்சுக்கிட்டு இறங்கிப் போனாரு.

செவ்வாய்க்கிழமை வந்தாரு. மாடிக்கதவு பூட்டியிருந்தது. டீச்சர் கீழ மில்லுக்குள்ள நின்னுட்டு இருந்தாங்க, முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டு. பதினோரு பொம்பளைங்க வத்தல் டின்னோட வரிசையில நின்னாங்க. மில்லுக்காரர் சிவனணைஞ்சபெருமாள், துண்டை முகத்துல சுத்திக்கிட்டு கண்ணு மட்டும் தெரிய மெஷின் பக்கத்துல இருந்தாரு. காத்தே செவப்பா இருந்துச்சு.

"அண்ணாச்சி, ஏறுங்க."

"எங்கன டீச்சர்?"

மூட்டை எடை போடுற இரும்புத் தராசு ஒண்ணு தரையில கிடந்தது. நாலு விரக்கடை உசரம் இருக்கும். டீச்சர் அதைத்தான் காட்டினாங்க. அண்ணாச்சி கிளாரினெட்டோட அதுல ஏறி நின்னாரு.

மில்லுக்காரர் முள்ளைப் பாத்தாரு. "எழுபத்தாறு கிலோ. வத்தலா, மல்லியா?"

வரிசையில சிரிப்பு.

"டீச்சர், இத்தனை பேரு இருக்காங்க."

"பதினோரு பேரு. நாகர்கோவில்ல இருநூறு பேரு. ரீடைப் போடுங்க."

"இது மேடைக்குன்னு..."

"நிக்கிறது எதுல?"

அண்ணாச்சி கீழ பாத்தாரு. வேற வழியில்லாம கூட்டைத் திறந்தாரு. பஞ்சு, பட்டுத்துணி, ரீடு. வாயில வெச்சு நல்லா நனைச்சாரு. கட்டினாரு. கண்ணை மூடிக்கிட்டு ஊதினாரு.

காத்துதான் வந்துச்சு.

இன்னும் அழுத்தி ஊதினாரு. கொசு அழுத மாதிரி ஒரு சத்தம்.

டீச்சர் ரீடைக் கழட்டி வெளிச்சத்துல பிடிச்சாங்க. நுனி, பொரிச்ச அப்பளம் மாதிரி நெளிஞ்சு கிடந்தது. நடுவுல மயிரிழை கணக்கா ஒரு வெடிப்பு.

அண்ணாச்சி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"டீச்சர், இது செத்துப்போச்சு."

"எப்ப?"

"தெரியலையே. கூட்டுக்குள்ளதான இருந்துச்சு."

"சட்டைப்பையில என்ன அது?"

"இதுவா? ஓரம் உடைஞ்ச ரீடு டீச்சர். ரீடை எப்படிக் கட்டணும்னு பிள்ளைங்களுக்குக் காட்டுறதுக்கு வெச்சிருக்கேன்."

"போடுங்க."

போட்டாரு. மோகன ராகத்துல அவரே கட்டின ஒரு சின்ன மெட்டு. மூணு நிமிஷம்தான். முதல் வரி எப்படியோ ஓடிருச்சு. ரெண்டாவது வரியில கீழருந்து மேல தாவுற ஒரு எடம். தாவினாரு.

கீச்.

வரிசையில முன்னால நின்ன பேச்சியம்மாக்கா திரும்பிப் பாத்தாங்க. "யாருட்டி கோழிய மிதிச்சது?"

அண்ணாச்சி தும்மிக்கிட்டே தராசுலருந்து இறங்கப் பாத்தாரு.

"பாட்டு முடியலையே அண்ணாச்சி"ன்னாங்க டீச்சர்.

மறுபடி முதல்லருந்து. மறுபடி அதே எடத்துல கீச். கண்ணுலருந்து தண்ணியா ஊத்துது. அங்க எல்லாருக்கும்தான் ஊத்துச்சு, அதனால ஒரு வசதி. மூணாவது தடவை, நாலாவது தடவை. அஞ்சாவது தடவை முழுசா முடிச்சாரு, கீச்சோட. பேச்சியம்மாக்கா வத்தப்பொடியை எப்பவோ வாங்கிட்டாங்க. ஆனா போகல.

"நீ போகலியா?"ன்னு மில்லுக்காரர் கேட்டாரு.

"கோழி வார எடம் வரைக்கும் கேட்டுட்டுப் போறேன். முன்ன பின்ன நல்லாத்தான் இருக்கு."

அண்ணாச்சி காதுல அது விழுந்துச்சு. அவரு பதினாலு சர்டிபிகேட்லயும் இப்படி ஒரு வரி கிடையாது.

போறப்ப டீச்சர் ரெண்டு புது ரீடு குடுத்தாங்க.

"இதுல எது டீச்சர் நல்லது?"

"எனக்கு என்ன தெரியும்? வாசிங்க."

அன்னைக்கு சாயங்காலமே ஃபாரம் போயிருச்சு. குரூப்ல ஒத்தை வார்த்தை வந்துச்சு: "அனுப்பியாச்சு." நாப்பது பேரும் பயந்துபோய் அவருக்கு போன் பண்ணி உடம்பு நல்லாத்தான இருக்குன்னு விசாரிச்சாங்க.

அடுத்த நாள்லருந்து அண்ணாச்சி ஸ்கூல்ல பிள்ளைங்க முன்னால அந்த மெட்டை வாசிச்சாரு. கையை வெச்சில்ல, புருவத்தை வெச்சில்ல. கிளாரினெட்டை வெச்சு. ஏழு பிள்ளைங்களும் வாயைப் பொளந்துட்டுக் கேட்டாளுக. இசக்கியம்மாள் ஒவ்வொரு அசைவையும் நோட்டுல எழுதிக்கிட்டா.

ஆனா ஒண்ணு. பிள்ளைங்க முன்னால வாசிச்சதெல்லாம் அந்த ஓரம் உடைஞ்ச ரீடுலதான். டீச்சர் குடுத்ததுல ஒண்ணு நல்லாத் தேறிருச்சு. அதை தினமும் காலையில வீட்டுல கதவைச் சாத்திட்டு வாசிச்சுப் பதமாக்கிட்டு வந்தாரு. ஸ்கூலுக்குக் கொண்டு போகல. மேடைக்கு வேணும்ல.

ஸ்கூல்ல தினமும் ரெண்டாவது வரியில கீச்சு வந்துச்சு. அதைப் பத்திப் பேச அவருக்கு வெக்கம். சார்கிட்ட கேக்க பிள்ளைங்களுக்கு மரியாதை. அப்படியே மூணு வாரம் ஓடிருச்சு.

டிசம்பர் பதினாலு. நாகர்கோவில். காலையில பயிற்சியில அண்ணாச்சி உதட்டைப் பத்தி மட்டும் ஒன்பது பக்கம் எழுதினாரு. சாயங்காலம் மேடை. ஜெபக்கனி டீச்சர் நாலாவது வரிசையில உக்காந்திருந்தாங்க. ஏழு ஜோடி வெள்ளை சாக்ஸ், நடுவுல அந்தப் பதமாக்கின ரீடோட அண்ணாச்சி.

ஆரம்பிச்சாங்க. முதல் வரி எட்டு பேரும் ஒண்ணா, ஒரே மூச்சு மாதிரி வந்துச்சு. சபையில பேச்சு நின்னுச்சு.

ரெண்டாவது வரி. அந்த எடம் வருது. அண்ணாச்சி கண்ணை இறுக்கி மூடிக்கிட்டு தாவினாரு.

சுத்தமா ஏறிருச்சு. பிசிறே இல்ல. இருபத்திரெண்டு வருஷத்துல அவரு ஊதுன நல்ல சுரம் அதுதான்.

அதே நொடியில அவரைச் சுத்தி ஏழு பிள்ளைங்களும், ஒருத்தி முந்தாம ஒருத்தி பிந்தாம, தாளத்துல கணக்கா:

கீச்.

அண்ணாச்சி கண்ணைத் திறந்தாரு. பிள்ளைங்க முகத்துல ஒரு சலனம் இல்ல. அந்த வரியைத் திருப்பி வாசிக்கணும். திருப்பினாங்க. திரும்பவும் ஏழு கீச்சு, ஏழும் ஒரே சுருதியில. சபை ஒரு நிமிஷம் முழிச்சுது. அப்புறம் யாரோ கை தட்டினாங்க. அப்புறம் எல்லாரும் தட்டினாங்க.

மேடையை விட்டு இறங்கின அண்ணாச்சிக்கு முகத்துல ரத்தமே இல்ல. மத்தியானம் பயிற்சி நடத்தின சென்னைக்காரர் ஒருத்தர் நேரா அவருகிட்ட வந்தாரு.

"சார், ரெண்டாவது வரியில குழந்தைங்க ஒரு பிடி போட்டாங்களே, ஏழு பேரும் சேர்ந்து. அது எந்த பாணி?"

அண்ணாச்சி வாயைத் திறக்குறதுக்குள்ள இசக்கியம்மாள் முன்னால வந்தா.

"முருகன்குறிச்சி பாணி சார்."

அவரு நோட்டை எடுத்துக் குறிச்சுக்கிட்டாரு.

அவரு போனதும் இசக்கியம்மாள் மெதுவா கேட்டா. "சார், அந்த எடத்தை ஏன் சார் விட்டுட்டீங்க? பயந்துட்டீங்களா?"

அண்ணாச்சி குனிஞ்சு ரீடைக் கழட்டினாரு.

"பரவால்ல சார். நாங்க சமாளிச்சுட்டோம்."

புதன்கிழமை அண்ணாச்சி மாடியேறி வந்தாரு. கீழ கோதுமை ஓடிட்டு இருந்துச்சு. கையில இசக்கியம்மாளோட நோட்டு. வந்ததும் வரப்போகுதுன்னு ஒண்ணும் சொல்லல. நோட்டை விரிச்சு டீச்சர் முன்னால வெச்சாரு. ரெண்டாவது வரிக்கு மேல செவப்பு மையில எழுதியிருந்தது: இங்கே கீச். உதட்டைக் கடிக்கணும். சார் மாதிரியே வரணும்.

டீச்சர் ரெண்டு தடவை படிச்சாங்க. முந்தானையால வாயை மூடிக்கிட்டாங்க. அன்னைக்கு வத்தல் நெடி ஒண்ணும் இல்ல.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"பதினாலு பட்டறையில கேட்டதை ஒண்ணு விடாம பிள்ளைங்களுக்குச் சொல்லிருக்கேன். உதட்டைச் சொன்னேன். மூச்சைச் சொன்னேன். வருஷா வருஷம் தொண்டை வத்தச் சொல்லுதேன். ஒருத்திக்கும் ஏறல. இந்தக் கீச்சைப் பத்தி நான் ஒத்தை வார்த்தை சொன்னதில்ல. இது மட்டும் எப்படி டீச்சர், ஏழு பேருக்கும் இப்படி ஏறுச்சு?"

டீச்சர் நோட்டை மூடி அவரு கையில குடுத்தாங்க.

"அது ஒண்ணுதான அண்ணாச்சி, நீங்க வாசிச்சது."